இணைத்தன்மைச் சான்று

சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் இறக்கிவிட்டபோது
என் பையில் எண்பத்தெட்டு கிரெடிட் இருந்தது.
சூரத்தில் நான்கு செமஸ்டர் சேர்த்தவை.
பெயர் தெரியாத உப்புகளுக்குப்
பெயர் கண்டுபிடித்தவை.
சில்வர் நைட்ரேட் பட்டு
இடது கட்டைவிரல் கறுத்ததும் அதில் சேர்த்தி.

ஏழாம் எண் சன்னலில் அமலதாசன் சார்
மதிப்பெண் பட்டியலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.
"சுடலைமுத்து இசக்கிப்பிரியான்னு இருக்கே,
ஆள் ஒண்ணா ரெண்டா?"
அங்கே அப்பா பெயர் முன்னால் வரும் சார்.
இங்கே அது ஓர் எழுத்து.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
அப்பாவை 'சு' என்று சுருக்கிக் கொடுத்தேன்.

பிறகு கணக்கு.
அங்கே கரிம வேதியியல் மூன்று கிரெடிட்,
இங்கே நான்கு.
அங்கே ஆய்வகம் பாடத்துக்குள்ளேயே,
இங்கே தனித்தாள்.
இரண்டாம் செமஸ்டரில் நான் எழுதிய வெப்ப இயக்கவியல்
இங்கே ஐந்தாவதில்தான் வருகிறது.
"வரும்போது படிச்சுக்கலாம்மா" என்றார்.
இன்னும் நடக்காத ஒன்றை
முந்திக்கொண்டு முடித்ததற்காக
மன்னித்துவிட்ட மாதிரி.

பாடத்திட்டம் முழுசாக வேண்டும்,
பக்கத்துக்குப் பக்கம் பச்சை மை வேண்டும்.
பெல்ஸ் ரோடு ஜெராக்ஸ் கடையில்
இருநூற்றுப் பதினாலு பக்கம்
சூடாக வந்து விழுந்தது.
பென்சீன் வளையங்களைப் பார்த்துக் கடைக்காரர்
"எந்த வீட்டுக்குப் பாப்பா இந்த டைல்ஸ்?" என்றார்.

அப்பா ஆலை மூடியதைப் பற்றிப் பேசுவதில்லை.
சாயத் தொட்டி ஓரம் பத்தொன்பது வருஷம்;
எந்தச் சிவப்பு எத்தனை டிகிரியில் பிடிக்கும் என்று
துணியை முகர்ந்தே சொல்வார்.
அம்பத்தூரில் ஹெல்பர் என்று எடுத்திருக்கிறார்கள்.
அவருக்கு எந்தச் சன்னலிலும் படிவம் இல்லை.

பதினோரு வாரம் கழித்துக் கடிதம்.
அறுபத்தொன்று ஏற்கப்பட்டது.
ஆய்வகத் தாள் ஒன்றுகூட ஏறவில்லை.
மீதி இருபத்தேழும் எங்கே போகும் சார்?
"எங்கேயும் போகாதும்மா. அங்கேயேதான் இருக்கும்."

வியாழக்கிழமை மதியம்,
முதலாமாண்டுப் பிள்ளைகளோடு
நீரின் கடினத்தன்மை.
நான் பியூரெட் கழுவுகிற வேகத்தைப் பார்த்து
பக்கத்து மேசை ஷப்னம் கேட்டாள்:
"அக்கா, நீங்க அரியரா?"
ஆமாம் என்றேன்.
மற்றதெல்லாம் நீளமான பதில்.

விடை எனக்குத் தெரியும்.
ஏழரை மில்லியில் சிவப்பு நீலமாகும்.
நோட்டில் பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டேன்.
ஏழைத் தொட்டதும் கையை அடக்கி
துளி,
துளி,
ஏழரை. சிவப்பு.
பத்து. சிவப்பு.
பதினெட்டு.
இருபத்தாறிலும் அதே சிவப்பு,
குடுவையைச் சுழற்றச் சுழற்ற.

அது தபதி ஆற்றுத் தண்ணீர்.
இது விடுதிக்குப் பின்னால் இருக்கும் போர்வெல்,
தலைமுடியை நாராக்குகிற,
டம்ளரில் வெள்ளை வளையம் விட்டுப்போகிற அதே தண்ணீர்.
மூன்று மாதமாக அதில்தான் குளிக்கிறேன்.

முப்பத்தொன்றில்
ஒரே ஒரு துளிக்கு
நீலமாயிற்று.

பென்சில் எழுத்தை அழிக்கும்போது
ஷப்னம் எட்டிப் பார்த்தாள்.
அவளுக்கு முப்பதரை.
"இன்னொரு தடவை செய்யணும்க்கா,
ரெண்டு ரீடிங் ஒத்துவந்தாத்தான்
மேடம் கையெழுத்துப் போடுவாங்க."

பியூரெட்டை மறுபடி
பூஜ்யம் வரை நிரப்புகிறேன்.