எண்பத்திரண்டு சொற்கள்

தண்டர் பேயில் தானிய ரயில் குறுக்கே வந்தால்
எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.
நூற்றிருபது பெட்டிகள். கோதுமை, பட்டாணி, மறுபடி கோதுமை.
சிலசமயம் பாதியில் நின்றும்விடும்,
ஏதோ மறந்துவிட்டு வந்ததுபோல.
மார்ச். ஏரி இன்னும் உடையவில்லை.

ஏலத்தில் எடுத்த பிக்கப் வண்டி இது.
முந்தைய ஆள் விட்டுப்போனவை:
ஒற்றைக் கையுறை, காலாவதியான மீன்பிடி உரிமம்,
இருக்கைக்கடியில் ஒரு கேசட்.
அட்டையில் லாரி எடைமேடைமேல் நான்கு பையன்கள்,
தோளுக்குக் கீழே முடி,
எடைமுள் மட்டும் அசைந்து மங்கலாய்.

ஸ்லிப் செவன்.
இவர்களை எனக்குத் தெரியும்.
தொண்ணூற்று மூன்றில் இவர்களைக் கொன்றது நான்.

கொன்றது என்பது பெரிய வார்த்தை.
ஊர்ப் பத்திரிகையின் பதினோராம் பக்கத்தில்
டயர் விளம்பரத்துக்கும் இரங்கல் செய்திக்கும் நடுவே
எண்பத்திரண்டு சொற்கள்.
'ஐந்து வருடம் தாமதமாக வந்த விருந்தாளிகள்;
பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று' என்று எழுதினேன்.
இருபத்திரண்டு வயது. அந்த ஒரு வரிக்காக
இரண்டு நாள் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.
கண்டமெங்கும் பையன்கள் முடியை வெட்டிக்கொண்டு
கட்டம்போட்ட சட்டைக்குள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.
இவர்கள் மட்டும்
ரெய்யோ கந்தொலாவின் அப்பா கட்டிய சவுனாவில்
ஆம்ப்ளிஃபையரைப் பத்தில் வைத்து
கத்திக்கொண்டே இருந்தார்கள்.

கேசட்டைத் தள்ளினேன். விழுங்கிக்கொண்டது.

முதல் பாட்டு அப்படியேதான் இருக்கிறது:
மோட்டார் சைக்கிள், நெருப்பு, பெயரில்லாத ஒரு பெண்.
அடுத்ததும் தேறாது.
அதற்கடுத்ததில் கிட்டார் தனியாவர்த்தனம்,
கூடையிலிருந்து ஸ்பூன்கள் கொட்டுவதுபோல்.
நான் எழுதியதில் பொய்யில்லை.
ரயில் நின்றுபோன அந்நேரம்
அது ஆறுதலாய்க்கூட இருந்தது.

டக்.

இந்த வண்டியின் டெக் தானே பக்கம் மாற்றும்.
அன்று என்னிடம் இருந்தது அப்படியில்லை.
எழுந்துபோய், வெளியே எடுத்து, திருப்பிப் போட வேண்டும்.

எழுந்ததாக நினைவில்லை.

பி பக்கம், மூன்றாவது பாட்டு.
டிரம்ஸ் மட்டும். அவசரமே இல்லாத டிரம்ஸ்,
பலகைச் சுவர்களின் ஈரம் அதில் கேட்கிறது.
கிட்டார் வெகுநேரம் கழித்து வருகிறது,
சரக்கேறச் சரக்கேறக் கப்பல்
கோட்டுவரை தாழுமே, அப்படி.
ரெய்யோ கத்தவில்லை.
எலிவேட்டரில் தானியத் தூசி தின்ற அப்பாவிடம்
எடை குறைகிறது, எடை குறைகிறது என்று
ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்,
அலுவலகத்தில் யாரோ சீட்டு படிக்கும் குரலில்.
நான்காம் நிமிடத்தில் டிரம்ஸ் ஓர் அடி தவறுகிறது.
யாரோ மூச்சை இழுக்கிறார்கள்.
அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.
காசில்லாமல் இருக்கலாம். தெரிந்தேயும் இருக்கலாம்.

பின்னால் ஹாரன்.
ரயில் எப்போதோ போயிருந்தது.

வீட்டில் வெளியே எடுத்துப் பார்த்தேன்.
ஏ பக்கத்தின் அச்சு புத்தம்புதிது.
பி பக்கத்தில் யாருடைய கட்டைவிரலோ
எழுத்துகளைத் தேய்த்தே அழித்திருந்தது.

சனிக்கிழமை, இரும்புக்கடையில்
சாவி வெட்டும் லோர்ன் பெல்டியரிடம் போனேன்.
வண்டிக்கு இன்னொரு சாவி வேண்டும், உண்மையாகவே.
உங்கள் ஆல்பம் கேட்டேன் என்றேன்.
"எது?" என்றார், பத்துப் பன்னிரண்டு இருப்பதுபோல.
பி பக்கம், மூன்றாவது.
இயந்திரத்தை நிறுத்தினார்.
"குச்சி நழுவிடுச்சு" என்றார்.
பிறகு என் முகத்தைச் சற்று அதிகநேரம் பார்த்து:
"உங்க விமர்சனத்தை எங்கம்மா
ஃப்ரிட்ஜுல ஆறு வருஷம் ஒட்டி வெச்சிருந்தா.
நாலு பேர் பேரையும் பிழையில்லாம அச்சடிச்சது
நீங்க ஒருத்தர்தான்."

நான் வாயைத் திறந்தேன்.
அவர் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டார்.
பித்தளைத்தூள், பொறி, ஒரு சீழ்க்கைச் சத்தம்.

இரண்டே முக்கால் டாலர்.
"பொருந்தலேன்னா
திருப்பிக் கொண்டுவாங்க" என்றார்.