ஒற்றைச் சுவர்

தூக்கத்தில் மூச்சு நிற்பதுண்டா?
படிவத்தில் ஏழாவது கேள்வி.
எனக்கெப்படித் தெரியும், டாக்டர்,
நான்தான் தூங்கிவிடுகிறேனே.
பார்த்தவள் கேப்டவுனுக்குப் போய் ஒன்பது வருஷம்.

சாட்ஸ்வர்த்தில்
இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர்.
அந்தப் பக்கம் பூவேந்திரி மூட்லி.
குறட்டை அறுந்தால் டிவியைக் குறைத்துவிட்டு எண்ணுவாள்.
இருபதைத் தாண்டினால்
செருப்பால் சுவரில் ஒரு அடி.
திட்டு வாங்கிக்கொண்டே மூச்சு திரும்பும்.

மயக்க டாக்டர் சிரிக்கவில்லை.
நம்பரை வாங்கி அவளுக்கே போன் போட்டார்.
ஏதோ எழுதிக்கொண்டார், நிறைய.

பால்நிற மருந்து முழங்கையில் எரிந்தது.
குடலுக்குள் கேமரா போனது தெரியாது.

விழித்ததும் கேட்டேன்:
சுவரைத் தட்டியது யார்?
ஒருவருமில்லை என்றாள் நர்ஸ் தண்டேகா.

தாடைக்கடியில் மட்டும்
யாரோ தூக்கிப் பிடித்திருந்த வலி.

அன்றிரவு
பக்கத்து வீட்டில் டிவி ஓடவே இல்லை.