மூன்று மணிக்கு நாலு புள்ளி ஒன்று

நான் தூங்கிய இரவில்
மருந்துக் குளிர்பெட்டி தூங்கவில்லை.

மெக்காலிஸ்டர் சாலை மருத்துவமனை,
கீழ்த்தளம், மருந்துக் கிடங்கு.
இரண்டு மணிக்கு ஒரு தடவை
கண்ணாடிக் கதவின் எண்ணைப் பார்த்துத்
தாளில் எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை.
இன்சுலின், தடுப்பூசி, சில கண்சொட்டு மருந்துகள்.
இரண்டுக்குக் கீழே இறங்கக்கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக்கூடாது.

அன்று பதினொன்றுக்கு எழுதினேன்.
பிறகு நாற்காலி என்னை எழுதிக்கொண்டது.
விழித்தபோது ஐந்தே கால்.
ஒரு மணி, மூன்று மணி, ஐந்து மணி:
மூன்று வெற்றுக் கட்டங்கள்
குஞ்சுகள்போல் வாய் திறந்திருந்தன.

நாலு புள்ளி மூன்று.
நாலு புள்ளி ஒன்று.
நாலு புள்ளி நாலு.
ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமே என்று
ஏற்றி இறக்கி எழுதினேன்.
நடுவில் பேனாவைக்கூட மாற்றினேன்.
பொய்யிலும் எனக்கு நேர்த்தி வேண்டும்;
சபையில் என்னை மெச்சுவதும் அதற்காகத்தான்.

ஞாயிறு,
காணிக்கை எண்ணும் மேசையில்
நானும் தேவசகாயம் அண்ணனும்.
ஒரு வெள்ளி நோட்டுகளை ஒரே முகமாக அடுக்குவேன்.
இருபது சென் இடித்தாலும்
முதலிலிருந்து எண்ணுவேன்.
"உன் கைக்கு வந்துட்டா
கணக்கு நிம்மதியா தூங்கும்" என்றார்.
கையிலிருந்து ஒரு நாணயம் நழுவித்
தட்டில் விழுந்து
நெடுநேரம் சுழன்றது.
காசுக்கும் நேர்மைக்கும்
ஒரே பெயர் வைத்த என் மொழியை
அந்தக் கணம் வெறுத்தேன்.

குளிர்பெட்டிக்குள் ஒரு சின்னக் கருவி உண்டு.
தன்பாட்டுக்குப் பதிந்துகொண்டே இருக்கும்,
மாதம் ஒருமுறைதான் திறந்து பார்ப்பார்கள்.
திங்கள் இரவு
ஆளில்லாத நேரம் நான் திறந்தேன்.

ஒரு மணிக்கு நாலு புள்ளி இரண்டு.
ஐந்துக்கு நாலரை.
மூன்று மணிக்கு,
நாலு புள்ளி ஒன்று.
நான் எழுதியதேதான்.

தப்பித்தாய் என்றது ஒரு குரல்.
சாத்தானுடையது என்றால் வசதியாக இருந்திருக்கும்.
என்னுடையதுதான்,
ஜெபக்கூட்டத்தில் உரக்க ஆமென் சொல்லும் அதே குரல்.

எண் சரி.
எழுதியவன் சரியில்லை.

விடிந்ததும் நூர் ஷஃபிகாவிடம் சொன்னேன்.
மலாயில் சொன்னேன்;
அம்மாவிடம் பேசாத மொழியில்
குற்றத்தைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.
அவர் மெச்சவில்லை.
நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.
இனி அறிக்கை எழுத வேண்டும்,
என் பழைய தாள்களை எல்லாம் தோண்ட வேண்டும்.
அன்று மகனுடைய பள்ளி விழா,
அவர் போகவில்லை.
என் மனசாட்சிக்கு
இன்னொருத்தியின் சாயங்காலம் செலவானது.
எந்தப் பிரசங்கத்திலும்
இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது.
மூன்று மாதம் இரவு வேலை இல்லை,
இரவுப்படியும் இல்லை.
எஸ்லின் கடிதத்தைப் படித்து மடித்து
மோட்டார் தவணைச் சீட்டுகளோடு செருகி வைத்தாள்.
"பசியாறிட்டுப் பேசு" என்றாள்.
பசியாறினேன்.
பேசவில்லை.

சபையில் சாட்சியாகச் சொல்லலாம் என்று
ஒரு ஞாயிறு எழுந்தேன்.
வாய் திறக்குமுன்பே
கைதட்டல் என் காதில் கேட்டது.
உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது இரவுகள் திரும்பிவிட்டன.
பாலம் கடந்து வருகிறேன்,
கடல் காற்றில் கண் எரிகிறது.
மூன்று மணிக்குக் கைபேசி அலறும்.
முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன்.
கண்ணாடியில் ஆவி படர்ந்திருக்கிறது,
சட்டைக் கையால் துடைத்துப் பார்க்கிறேன்.

ஐந்து புள்ளி ஒன்பது.

அழகில்லாத எண்.
கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை,
ஒருவேளை நானே.
சாத்துகிறேன்.
ஐந்து புள்ளி ஒன்பது என்றே
எழுதுகிறேன்.