இடது காது

கூண்டை இரவல் தரும்போது யுஸ்டினா ஹோலோவாச்
ஒன்றே ஒன்று சொன்னாள்:
முந்தின நாள் பட்டினி போடு.
வயிறு நிறைந்த பூனை உன்னைப் படிக்கும்.
பசித்தது மத்தி மீனை மட்டும் படிக்கும்.

அக்டோபர் கடைசி. மனிடோபாவில்
சூரியகாந்தி அறுத்த வயலில் வெறும் தாள்கள்.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து
கொட்டகைக் கதவிடுக்கில் கண்ணை வைத்து எண்ணினேன்.
சாம்பல் ஒன்று. அதன் பின்னால்
கறுப்பும் செம்பட்டையும் குழம்பின இரண்டு குட்டிகள்,
மீசை மட்டும் வெளுத்த கறுப்பன்,
பாதி வாலோடு ஒன்று,
எண்ண விடாமல் ஓடினது ஒன்று.
ஆறு. அல்லது அதே ஐந்தை
இரண்டு முறை பார்த்தேனோ என்னவோ.
வசந்தத்துக்குள் இருபது, என்றாள் யுஸ்டினா,
டீசல் விலையைச் சொல்கிற குரலில்.

முதல் இரவு ஸ்கங்க் விழுந்தது.
போர்வையைக் கேடயமாகப் பிடித்து
மூச்சடக்கிக் கதவைத் தூக்கினேன்.
போகலாமா என்று பத்து நிமிஷம் யோசித்தது.
என் மத்தியைத் தின்றுவிட்டு,
என்மேல் எதுவும் பீய்ச்சாமல் போனது.
அதுவே அந்த வாரத்தின் நல்ல செய்தி.

கூண்டில் விழுந்த பூனை கத்தாது
என்று எனக்குத் தெரியாது.
கம்பியில் முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும்.
மேலே போர்வை விழுந்ததும்
இரவு வந்துவிட்டதென்று நம்பி அடங்கும்.
அந்த நம்பிக்கையோடு சேர்த்துத்தான்
ஒவ்வொன்றையும் வண்டியில் ஏற்றினேன்,
டௌஃபினுக்கு நாற்பது கிலோமீட்டர்.
மாலையில் திரும்பின,
இடது காதின் நுனி நேராக வெட்டுப்பட்டு.
நான்காவதுக்குக் கையில் காசில்லை.
டாக்டர் ஆஷ்டவுனின் குதிரைக்கு
இரண்டு வண்டி வைக்கோல் தருவதாகப் பேச்சு.

சாம்பல் மட்டும் விழவில்லை. எட்டு நாள்.
வாசல் தகட்டில் சிந்தின எண்ணெயை நக்கிவிட்டு
எதிரே உட்கார்ந்து முகம் கழுவும்.
எலியைக் கொண்டுவந்து குட்டிகள் முன்னால் போட்டுவிட்டு
தள்ளிப் போய் நிற்கும்.
தாய் கெட்டிக்காரி, என்றோம்.
கடைசியில் ஒரு குட்டியைச் சின்னக் கூடையில் அடைத்து
கூண்டின் பின்பக்கம் வைத்தேன்.
குட்டி கத்தியது.
இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

மறுநாள் பேருந்தில் கடைசிப் பிள்ளை இறங்கியதும்
போன் அடித்தது. ஆஷ்டவுன்.
வயிற்றை மழித்தேன், என்றார்.
பச்சை மையில் ஒரு கோடு இருக்கிறது.
யாரோ எப்போதோ செய்து முடித்த வேலை.
காதைப் பார்த்தோமே, என்றேன்.
பனி இரண்டு காதையும் தின்றிருக்கிறது,
வெட்டு அதோடு போயிருக்கும், என்றார்.

எனக்கு முன்னால் இந்த நிலம் கெர்ஹார்ட் பென்னருடையது.
குட்டிகளைச் சாக்கில் கட்டிக் குட்டையில் போடுகிறவன்
என்று ஊரில் பேச்சு.
நானும் சொல்லியிருக்கிறேன், இரண்டு மூன்று பேரிடம்.
பரணில் துருப்பிடித்துக் கிடந்த கூண்டை
முயலுக்கென்று நினைத்து
பழைய இரும்போடு எடைக்குப் போட்டேன்.
அவர் இப்போது வினிபெக்கில் மகளிடம்.
எண் இருக்கிறது.
இன்னும் கூப்பிடவில்லை.

சாம்பலைத் திறந்துவிட்டேன்.
மழித்த வயிறோடு, அவசரமில்லாமல்,
குட்டிகளிடம் போய்ப் படுத்தது,
அவை அதனுடையவை அல்ல என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

நவம்பர் மூன்றாம் தேதி பனி.
மேப்பிள் வரிசையிலிருந்து ஒற்றைத் தடம் வந்து
கூண்டை ஒன்றரைச் சுற்று சுற்றி
ஓரிடத்தில் வெகுநேரம் உட்கார்ந்து
வந்த வழியே போயிருக்கிறது.
உட்கார்ந்த இடத்தில் பனி உருகி
ஒரு ரொட்டி அளவுக்குப் புல் தெரிந்தது.

கூண்டுக்குள் கறுப்பன்.
மூன்றாவது முறை.
காதும் போயாயிற்று, மற்றதும் போயாயிற்று,
மத்தி மட்டும் பாக்கி என்று தெரிந்துகொண்டுவிட்டான்.
டின்னை வழித்து முடித்துவிட்டு
மூடின கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்,
என்ன இவ்வளவு தாமதம் என்பதுபோல.