அண்டா மூடி

மூலனூருக்குத் தெற்கே, கொறங்காட்டின் நடுவில்
தொள்ளாயிரத்து நாற்பது அடியில் நின்றது ரிக்.
நின்றது என்றால் நிற்கவில்லை.
சுத்தியல் அடிக்கிறது, பாறை கேட்கவில்லை.
அரை மணிக்கு ஒரு சாண்.
கம்ப்ரசர் வண்டி கரும்புகை கக்கி மூச்சு வாங்குகிறது.

வேலாத்தாள் கிளுவை வேலியோரம் கயிற்றுக்கட்டிலைப் போட்டு
உட்கார்ந்திருக்கிறார், படுக்கவில்லை.
அடிக்கு இவ்வளவு என்று பேச்சு.
ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் ஒரு விரலை மடக்குகிறார்.
"ஏனுங்க, ஈரமாச்சும் தெரியுதுங்களா?"
வெள்ளைப் புழுதிதான் தெரிந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து முதலாளி போனில்:
விடியறதுக்குள்ள ஆயிரத்து இருநூறு.
அடுத்த பாயிண்ட் வெள்ளகோவில், பார்ட்டி காத்திருக்குது.

எனக்கு ஒரு வித்தை தெரியும்.
சங்ககிரிப் பட்டறையில் ஒருவன் லாரிக்குச் செய்து பார்த்தது.
காற்றோடு கொஞ்சம் கேஸ் கலந்து கொடுத்தால்
டீசல் மிச்சமில்லாமல் எரியும், இழுவை கூடும்.
புரொப்பேன் என்பான், சாமி பெயரைச் சொல்வதுபோல.
எங்களிடம் இருந்தது சமையல் கேஸ்.
"கொஞ்சம்" என்று அவன் சொன்னது நினைவிருக்கிறது.
எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புத்ராம் அப்போதுதான் அரிசி களைந்து வைத்திருந்தான்.
பஸ்தர்க்காரன். குழாய் மாட்டுவான்,
எட்டுப் பேருக்குச் சோறாக்குவான்.
அடுப்பிலிருந்து குட்டி சிலிண்டரைக் கழற்றித் தூக்கினேன்.
"சோறு, அண்ணா?"
"அப்புறம்."

ஏர் ஃபில்டரை உருவிப் போட்டுவிட்டு
திறந்த குழாய் வாயில் ரப்பர் டியூபைச் செருகி
வால்வை ஒரு நூல் திருப்பினேன்.
புகை வெளுத்தது. சத்தம் இறுகியது.
மணிக்கு நாற்பது அடி.
வேலாத்தாளின் விரல்கள் பின்தங்கின.
இன்னொரு நூல் திருப்பினேன். அப்புறம் இன்னொன்று.
யாரும் சொல்லவில்லை.
இன்ஜின் கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்து நூற்று முப்பதில் புகை நீலமானது.
டர்போ சீல் வெந்துபோய்
இன்ஜின் தன் எண்ணெயையே குடிக்க ஆரம்பித்திருந்தது.
முள் சிவப்பைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது.
கேஸை மூடினேன்.
சாவியைத் திருப்பி உருவினேன்.
சாவி என் கையில். வண்டி ஓடுகிறது.
டீசல் பைப்பைப் பிடுங்கினேன்.
டீசல் மண்ணில் சொட்டுகிறது. வண்டி ஓடுகிறது.
பதினோரு வருசமாக நான்தான் அதை ஓட்டுவதாக
எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆட்கள் ஓடைப்பக்கம் ஓடினார்கள்.
வேலாத்தாள் கட்டிலையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.
காற்றை அடைத்தால் நின்றுவிடும்.
தெரியும் எனக்கு.
அந்த வாய் ஒரு சாண் அகலம்.
சட்டையை வைத்தால் சட்டையைத் தின்னும்,
கையை வைத்தால் கையை.
தெரிந்து, நின்றுகொண்டிருந்தேன்.

புத்ராம் அண்டா மூடியோடு வந்தான்.
நடந்துதான் வந்தான்,
ஒரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு,
பொங்குகிற உலையை மூட வருகிறவன் மாதிரி.
கிட்டே போனதும்
மூடி அவன் கையிலிருந்து தாவிப் போய் ஒட்டியது.
டொம்.
ஒரு விசில். அலுமினியம் உள்வாங்கும் முனகல்.
இரண்டு குலுக்கல்.

பிறகு வேலியில் ஒரு பூச்சி கத்துவது கேட்டது.
எப்போதிலிருந்து கத்திக்கொண்டிருந்ததோ.

இருட்டுக்குள்ளிருந்து வேலாத்தாள் கேட்டார்:
"எத்தனை அடிங்க ஆச்சு?"
சொன்னேன்.
தண்ணியைப் பற்றி அவரும் கேட்கவில்லை.
முதலாளிக்குப் போன் போட வேண்டும்.
சாவியைப் பையில் போட்டேன், வெளியே எடுத்தேன்,
மறுபடி போட்டேன்.

புத்ராம் டியூபைப் பிடுங்கி எறிந்துவிட்டு
சிலிண்டரைக் காதோரம் தூக்கிக் குலுக்கினான்.
"பாதி" என்றான், யாரிடமும் இல்லை.

மூன்று மணிக்கு உலை கொதித்தது.
தொன்னை போல் நடுவே குழிந்த மூடி
அண்டாவில் உட்கார மாட்டாமல் தட்டிக்கொண்டே இருந்தது.
பொங்கிய கஞ்சி விளிம்பேறி அந்தக் குழியில் தேங்க,
காட்டுக்கார வீட்டு நாய்
கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.