சாமநத்தம் கண்மாயில் ஒரு ஞாயிறு

கரைமேல் வண்டியை நிறுத்தும்போது
மணி ஆறு இன்னும் ஆகவில்லை.
மெகருன்னிசா பைனாகுலரைத்
துப்பட்டாவில் துடைக்கிறாள்.
பள்ளிக்கூட லேபிலிருந்து இரவல்.
இடக்கண் மங்கல்.
அதனால் நான் வலக்கண்ணால் மட்டும் பார்க்கிறேன்,
மாப்பிள்ளை வீட்டாரை அன்றைக்குக்
கதவிடுக்கில் பார்த்ததுபோல.

வாரம் முழுக்க மீட்டர் ரீடிங் எடுக்கிறவள் நான்.
வில்லாபுரத்தில் தெருத்தெருவாக
நாய்களுக்குப் பயந்து
எண்களை எழுதிக்கொண்டு வருகிறவள்.
"கரண்டுக்காரம்மா வந்திருக்கு" என்று
உள்ளே குரல் போகும்;
யாரும் வெளியே வருவதில்லை.
இன்றைக்கும் எண்கள்தான்.
யாருக்கும் பில் போட வேண்டியதில்லை.

மஞ்சள்மூக்கு நாரை பதினேழு.
நாமக்கோழி நூற்றுக்கு மேல்.
"மேலன்னா எத்தனை?"
அவள் கணக்கு டீச்சர்.
நூற்றுப் பதினொன்று என்கிறேன், குத்துமதிப்பாக.
பவளக்காலிகள் சிவப்புக் குச்சிகளில் நின்று
சேற்றுக்குத் தையல் போடுகின்றன.
கூழைக்கடாக்கள் கிழக்கு மூலையில்,
அடுத்த பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி
ஒன்றையொன்று பார்க்காமல்.

நாற்பத்திரண்டு என்று எழுதுகையில்
எங்கிருந்தோ வந்த விமானம்
தலைக்கு மேலே சக்கரத்தை நீட்டியது.
மொத்தக் கண்மாயும் எழுந்துவிட்டது.
எண்ணியது எண்ணாதது எல்லாம்
ஒரே வானத்தில்.
பென்சிலைக் காதில் செருகி
"போச்சு" என்றாள் மெகருன்னிசா,
சிரித்துக்கொண்டே.

மீன்குத்தகை சோணைமுத்து
பரிசலை எங்கள் பக்கம் தள்ளிவந்து கேட்கிறார்:
"அந்தப் பெரிய மூக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு திங்கும்?"
"ஒரு கிலோவுக்குக் குறையாதுங்க."
உதடு அசையப் பெருக்குகிறார்.
எங்களைவிட வேகமான கணக்கு.
முகம் சுண்டுகிறது.
"சரி, வந்தது வந்திருச்சு" என்று
துடுப்பைப் போடுகிறார்.

மடைப்பக்கம் நுரை ஒதுங்கிக் கிடக்கிறது.
காற்று திரும்பினால் மூக்கைப் பொத்த வேண்டும்.
மழைத்தண்ணீர் மட்டுமில்லை இது.
அவனியாபுரம் வாய்க்காலைப் பிடித்து
எங்கள் தெருவும் இங்கேதான் வருகிறது:
அரிசி களைந்தது, துணி அலசியது,
நேற்று ராத்திரி நான் கொட்டிய புளித்த ரசம்.

அந்த நுரையைக் கிழித்துக்கொண்டு
ஒரு நத்தைக்குத்தி நடக்கிறது.
முழுக்க மூடாத அலகின் நடுவே
ஒரு கீற்று வெளிச்சம்.
குனிந்து, எடுத்து, திறக்கிறது,
பூட்டின் சூட்சுமம் தெரிந்தவர்போல
அவசரமே இல்லாமல்.
எனக்கு வெட்கமாக இருந்தது.
எங்கிருந்தோ வந்த விருந்தாளிக்கு
இந்தத் தண்ணீரையா வைத்தேன்.

போனவை ஒவ்வொன்றாக இறங்குகின்றன,
இடம் மாறி, வரிசை மாறி.
சில இறங்கவே இல்லை.
சில புதுசு, அல்லது
முன்பு நான் பார்க்காதவை.

மெகருன்னிசா புதுத் தாளைத் திருப்புகிறாள்.
"முதல்லேருந்து சொல்லு. நாரை?"

பொறு,
வலக்கண்ணில் தண்ணீர் வடிகிறது.