கிளாவரை வண்டி

வத்தலகுண்டிலேயே தெரியுமே என்றார் கண்டக்டர்,
பைக்குள் சில்லறையைத் துழாவியபடி.
தெரியும்தான்.
எங்கள் பட்டறை வாசலிலும் சூரியன்
மூன்று நிமிடம் கங்கணம் கட்டிக்கொள்ளும் என்று
பேப்பரில் படம் போட்டிருந்தார்கள்.
ஆனால் வாசலில் நின்றால் யாராவது
துருப்பிடித்த கேட் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

அதனால் மலை ஏறினேன்.
பதினைந்து கோடி கிலோமீட்டரில்
இரண்டைக் குறைத்திருக்கிறேன்.

பையில் ஒரு கைலி, ஒரு குரங்குக் குல்லா,
பதினோராம் நம்பர் போதாது என்றதால்
திண்டுக்கல் போய் வாங்கிய
பதினாலாம் நம்பர் வெல்டிங் கண்ணாடி.

பூம்பாறையில் பாதி வண்டி இறங்கியது.
மன்னவனூரில் மீதி.
பூண்டி தாண்டியபோது
பூண்டு வாசமும் நானும்தான்.

ராத்திரி வண்டியிலேயே படுத்தோம்.
டிரைவர் வேலப்பன் பின்சீட்டில், கண்டக்டர் நடுவில்,
ஷட்டர் இறங்காத ஜன்னலுக்குக் கீழே நான்.
கூரையிலிருந்து பனி சொட்டியது.
தொழில்புத்தி, விடியும்போது
வெளிச்சம் கசிந்த ஓட்டைகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
அரை நாள் வேலை, ஒரு கட்டு ராடு,
ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறைந்து முடியாது.

ஆறரைக்குக் கிளம்பவேண்டிய வண்டி.
கிரகணத்தில் கியர் போடமாட்டேன் என்றார் வேலப்பன்.
டெப்போவுக்குச் சொல்ல சிக்னல் இல்லை.
ஏறவும் ஆளில்லை.
ஊர் கதவைச் சாத்திக்கொண்டு
தாம்பாளத்தில் உலக்கை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மேட்டில் நான் மட்டும் நின்றேன்.
எட்டு மணிக்குமேல் ஒவ்வொருவராக வந்தார்கள்.
வடுகபட்டி வியாபாரி அமானுல்லா, லோடு ஏற்ற ஆள் கிடைக்காமல்.
சத்துணவு சமைக்கும் பேச்சி, அடுப்புக் கரியோடு.
இரண்டு பையன்கள், வீட்டுக்குத் தெரியாமல்.
கண்ணாடி கை மாறியது, ஆளுக்குப் பத்து எண்ணும்வரை.
பேச்சி பார்த்துவிட்டுச் சொன்னாள்:
பச்சையா இருக்கே, இன்னும் பழுக்கலை போல.
அமானுல்லா பத்தை மெதுவாக எண்ணச் சொன்னார்.

பிறகு வெளிச்சம் மாறத் தொடங்கியது.
சாயங்காலம் மாதிரி இல்லை.
நிழல்களின் ஓரம் அரம் போட்டதுபோல் கூர்மையானது.
பூண்டுத் தாள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது.
சூடு அப்படியே இறங்கியது,
தண்ணீரில் முக்கிய இரும்பைப் போல.
கண்ணாடி பையன்களிடம் இருந்தது.
கேட்டால் தருவார்கள். கேட்கவில்லை.
காது குளிர்ந்தது, குல்லா எடுக்க வண்டிக்குள் ஏறினேன்.

சீட்டெல்லாம் வளையம்.

கிழிந்த ரெக்சினில், தரையில் கிடந்த டிக்கெட்டில்,
பெண்கள் என்று எழுதிய பலகையில் புள்ளிகளுக்கு மேலே,
என் முழங்கையில்.
சுண்டுவிரலுக்குக்கூடப் போதாத மோதிரங்கள்,
எல்லாம் ஒரே அளவு, எல்லாம் நடுவே இருட்டு,
வைத்த இடத்தில் அசையாமல்.
நான் எண்ணவில்லை.

பின்சீட்டில் வேலப்பன் இருந்தார்,
பார்க்கக்கூடாதென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு.
துண்டின் மேல் மூன்று சூரியன்கள்.
யாரு என்றார்.
நான்தான், குல்லா என்றேன்.
முடிஞ்சிருச்சா என்றார்.
இன்னும் இல்லை என்றேன்.
சொல்லலாம்தான். துண்டை எடுத்தால்
அவர் முகத்தில் விழும், அவ்வளவுதானே.
சொல்வதற்குள் வளையங்கள் ஒரு பக்கம் விட்டுப்போய்
நாற்பத்தொரு வெட்டிய நகங்கள் ஆகியிருந்தன.

வெளியே பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.
பார்த்தீங்களா அண்ணே, பார்த்தீங்களா?
கண்ணாடி திரும்பி வந்தது,
ஐந்தாறு பேர் மூச்சுப் பட்டு மங்கி.

பதினொன்றரைக்கு வண்டி எடுத்தார்.
பூண்டி வளைவில் வேலப்பன் கேட்டார்:
வெல்டர்தானே நீங்க, இந்தக் கூரையை அடைக்க எவ்வளவு ஆகும்?
ஆயிரத்து ஐந்நூறு என்றேன்.
டெப்போவில் ஒத்துக்கமாட்டான் என்றார்.
மூவாயிரம்கூட ஆகலாம் என்றேன்.

பூம்பாறைக்குக் கீழே மழை பிடித்தது.
கண்டக்டர் வண்டிக்குள்ளேயே குடையை விரித்து
டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தார்.
உள்ளே நகர்ந்து உட்காருங்க, ஒழுகுது என்றார்.